வீட்டுக்குள் ஒரு துப்பறிவாளர்

உறையூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தையாம். "எதை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள். பீரோ சாவி, பிறந்த நாளுக்கு வாங்கி வைத்த பட்டுப் பாவாடை, நானும் அவரும் ராத்திரி போட்ட சண்டை, ஒன்றும் தப்புவதில்லை. மாமியார் 'அதிகப்பிரசங்கி' என்று திட்டுகிறார். என் வீட்டுக்காரரோ 'நம்ம வீட்டு சி.ஐ.டி.' என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். யார் சொல்வது சரி? லீவு நாளில் இவளோடு உட்கார்ந்து பார்க்க, கெட்டிக்காரக் குழந்தை துப்புத் துலக்குகிற மாதிரி நல்ல சிரிப்புப் படமாக இருந்தால் சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

மாமியாரா, வீட்டுக்காரரா என்ற பஞ்சாயத்து கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் படத்துக்கு வருகிறேன். சினிமா என்றால் திருச்சிக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. 1905-லேயே இந்த ஊரில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பியவர். நம் தென்னாட்டு டூரிங் கொட்டகைக்கெல்லாம் அவர்தான் பிள்ளையார் சுழி. இப்போது கொட்டகையும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம், கூடத்தில் டி.வி.யில் போட்டுவிட்டு முறுக்கோடு உட்காரலாம்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்ப் படத்துச் சுட்டிக் குழந்தைகளில் பாதிப் பேரை எனக்குப் பிடிப்பதில்லை. அஞ்சு வயசுக் குழந்தை அம்பது வயசு வசனகர்த்தாவின் குரலில் பேசும். பெரியவர்களை மூக்கறுக்கும். கொட்டகையில் கைதட்டல் விழும். வீட்டுக்கு வந்து நம் குழந்தை அதே மாதிரி ஒரு வார்த்தை பேசினால் முதுகில் விழும்! நிஜமாகவே கூர்மையான குழந்தை அவ்வளவு பேசாது, பார்த்துக்கொண்டே இருக்கும். சத்யஜித் ரே 1974-ல் எடுத்த 'சோனார் கெல்லா' வங்காளிப் படத்தில் வரும் முகுல் அப்படித்தான். பூர்வ ஜன்ம ஞாபகம் என்று சொல்லித் தங்கக் கோட்டையைப் படம் படமாக வரையும் பொடியன். அவன் சொல்வதை நம்பிப் புதையலுக்கு ஆசைப்பட்ட இரண்டு திருடர்கள், முதலில் முகுல் என்ற பெயருள்ள வேறொரு பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்! பின்னாலேயே துப்பறிகிறவர் ஃபெலுடா, அவரோடு ரயிலில் வந்து ஒட்டிக்கொள்ளும் நாவலாசிரியர் ஜடாயு என்று, ராஜஸ்தான் ஜெய்சல்மேர் கோட்டை வரைக்கும் ஒரே சிரிப்பு. இத்தனை கூத்துக்கும் நடுவில் முகுல் பேசுவது நாலே நாலு வார்த்தை. பாஷை புரியாதே என்று பயப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கதை சொல்லிக்கொண்டே வந்தால் அதுவே தனி ருசி.

நம் ஊர்ப் படம் என்றால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது 1965-ல் ஏவி.எம். தயாரித்து, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'குழந்தையும் தெய்வமும்'. ஜெய்சங்கர், ஜமுனா. குட்டி பத்மினி இரட்டை வேடம். அம்மாவிடம் ஒருத்தி, அப்பாவிடம் ஒருத்தி என்று பிரிந்து வளரும் இரட்டையர், பள்ளிக்கூடத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்கிறார்கள். 'நீ ஏன் என்னை மாதிரியே இருக்கே?' என்பதுதான் அங்கே துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போனால், பாட்டியின் அகம்பாவத்தால் ஒரு குடும்பம் இரண்டாக உடைந்த கதை வெளியே வருகிறது. இடம் மாற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்கிற கலாட்டாவெல்லாம் இன்றைக்கும் குழந்தைகளை விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும்.

இதன் மூலக்கதை ஜெர்மனியிலிருந்து வந்தது. எரிக் கெஸ்ட்னர் என்பவர் 1949-ல் குழந்தைகளுக்காக எழுதிய நாவல். 1961-ல் அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனி அதைப் படமாக எடுத்தது. அங்கிருந்து மயிலாப்பூர் மாமி மாதிரி மடிசார் கட்டிக்கொண்டு நம்மிடம் வந்து, தெலுங்குக்கும் போய், 1968-ல் 'தோ கலியான்' என்று இந்திக்கும் போனது. இதே கெஸ்ட்னர் 1929-ல் 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். 1931-ல் அது படமாகவும் வந்தது. எமிலுக்கு அப்பா இல்லை. அம்மா பிறருக்குத் தலை அலங்காரம் செய்து சம்பாதிக்கிறவர். பாட்டிக்குக் கொடுக்கச் சொல்லி அந்த அம்மா கொடுத்தனுப்பிய பணம் ரயிலில் திருடு போகிறது. பெர்லின் நகரத்துப் பொடியன்கள் கூட்டமாகச் சேர்ந்து திருடனைத் துரத்துகிறார்கள். 'இது உன் பணம்தான் என்பதற்கு என்ன சாட்சி?' என்று கேட்டபோது எமில் சொல்கிறான்: 'பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையோடு குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன், நோட்டில் ஓட்டை இருக்கும் பாருங்கள்!' இருந்தது. எவ்வளவு சின்னத் துப்பு! முந்தானையில் காசை முடிந்துகொள்ளும் நமக்கு இது புரியாதா என்ன?

எமில் கதையில் திருட்டு. அது வெளி உலகத்து மர்மம். ஆனால் நம் தமிழ்ப் படங்களில் கெட்டிக்காரக் குழந்தை அவிழ்க்கிற முடிச்சு எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 'அப்பா ஏன் நம்மோடு இல்லை?' அதுதான் 'குழந்தையும் தெய்வமும்'. 1990-ல் மணிரத்னம் எடுத்த 'அஞ்சலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாண்டுகள் அடிக்கிற லூட்டி பாதிப் படம். மறுபாதி, பிறந்தபோதே இறந்துவிட்டதாக அப்பா சொன்ன குழந்தை உயிரோடு இருக்கிறது என்ற ரகசியம். அம்மாவுக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் அவர் மறைத்தார். ஆனாலும் வீட்டில் சந்தேகம் புகுந்துவிட்டதே! ஷாமிலி, தருண், ஸ்ருதி மூன்று குழந்தைகளுக்கும் தேசிய விருது கிடைத்த படம் அது.

2014-ல் வந்த 'சைவம்' இதையே தலைகீழாகத் திருப்பிப் போட்டது. விஜய் இயக்கியது. செட்டிநாட்டுப் பெரிய வீடு, தாத்தாவாக நாசர். லீவுக்கு உறவெல்லாம் கூடியிருக்கிறது. சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலைக் காணோம். ஊரையே சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். சேவல் எங்கே என்பது அந்த வீட்டிலேயே சின்னப் பெண் தமிழ்ச்செல்விக்குத் தெரியும். ஏனென்றால் ஒளித்து வைத்ததே அவள்தான். (கதையைச் சொல்லிவிட்டாளே என்று கோபிக்காதீர்கள், பேரிலேயே பாதிக் கதை இருக்கிறது!) இங்கே துப்பறிகிறவர்கள் பெரியவர்கள், ரகசியம் குழந்தையிடம். பெரியவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, பாருங்கள். அதில் பாடிய உத்தரா உன்னிகிருஷ்ணனும் சின்னப் பெண்தான். அந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது வாங்கினாள்.

இந்தப் படங்களில் எனக்கு ஒரே ஒரு குறை. திரையில் குழந்தை கண்டுபிடிக்கும் விடை எப்போதும் சரியாகவே இருக்கும். வீட்டில் அப்படி இருப்பதில்லை.

குழந்தை துப்பறிய ஆரம்பிப்பது பேசக் கற்றுக்கொண்ட பிறகு என்று நினைக்கிறோம். அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. 1985-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு மேடை. பாதி தூரம் போனதும் கீழே பள்ளம் மாதிரி தெரியும். மேலே கண்ணாடி இருப்பதால் விழாது. ஒரு வயதுக் குழந்தையைத் தவழ விட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவை நிறுத்தினார்கள். அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைத் தாண்டித் தவழ்ந்து வந்தன. அம்மா முகத்தில் பயம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, வெறும் முகம்தான்! நாம் அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'வெங்காயம்டா கண்ணா' என்றால் நம்பிவிடுமா?

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் ஒரு குடித்தனம். அம்மா, அப்பா, தாத்தா, ஏழு வயதுப் பேத்தி. தாத்தா ஒரு நாள் விடியற்காலை கொல்லைப்புறத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிட்டதாம். வயதானவர்களுக்கு அடிக்கடி வருகிறதே, அதுதான். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்குத் தெரியாமல் ஆட்டோவில் போட்டுக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையிடம் 'தாத்தா ஊருக்குப் போயிருக்கார்' என்றார்கள். எல்லார் வீட்டிலும் சொல்கிற பொய்தான்.

அப்புறம் நடந்த நாடகத்தை நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எதிரில் 'க' பாஷையில் பேசினார்கள். இரண்டே நாளில் அவளும் 'க' பாஷையில் பதில் சொன்னாள்! இங்கிலீஷில் 'எச்-ஓ-எஸ்-பி' என்று எழுத்துக் கூட்டினார்கள். இரண்டாவது படிக்கிற பெண்ணுக்கு ஸ்பெல்லிங் தெரியாதா? தினமும் காலையில் டிபன் காரியரில் கஞ்சி ரொப்பி எடுத்துக்கொண்டு மகன் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறுவார். 'ஆபீஸில் ஒருத்தருக்கு வயத்துவலி' என்று அதற்கொரு கதை.

மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தை என்னிடம் வந்தாள். "பாட்டி, தாத்தா ஊருக்குப் போகலை" என்றாள்.

"எப்படிடி சொல்றே?"

"மஞ்சப்பை ஆணியிலேயே தொங்கறது. கண்ணாடி சாமி ஷெல்ஃபுல இருக்கு. பல் செட்டு நேத்திக்குக் கைக்குட்டையில சுத்தி வீட்டுக்கு வந்துடுத்து. பல்லு இல்லாம ஊருக்குப் போவாளா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்தக் கதையில் வருகிற துப்பறிவாளரும் தோற்றார் போங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. உதடு துடிக்கிறது. "நான்தான் அவர் கைத்தடியை ஒளிச்சு வெச்சேன். விளையாட்டுக்குத்தான். அதனாலதான் தாத்தா எங்கேயோ விழுந்துட்டார். அதனாலதான் யாரும் எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கறா."

அவள் அம்மா 'ரெண்டு நாளா சாப்பாட்டில் கையே வைக்க மாட்டேங்கறா மாமி' என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். மாந்தமோ என்னவோ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

தாத்தா ஊருக்குப் போகவில்லை என்பது வரை துப்பு அத்தனையும் சரி. ஏன் என்ற இடத்தில்தான் வந்தது வினை. ஏழு எட்டு வயது வரைக்கும் குழந்தைக்கு உலகத்தின் நடுவில் தானே இருப்பதாகத்தான் தோன்றும். வீட்டில் கெட்டது நடந்தால் 'நான் அன்னிக்குப் பொய் சொன்னேனே, நான் அடம் பிடிச்சேனே, அதனாலதான்' என்று முடிவு கட்டிக்கொள்ளும். அம்மா அப்பா சண்டை, பாட்டியின் வியாதி, தம்பிப் பாப்பா வயிற்றிலேயே தங்காமல் போனது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குற்றவாளிதான் அகப்படும். குழந்தை மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் இதை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை காலியாக விடுவதில்லை. கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக, இன்னும் தப்பாக ரொப்பிக்கொள்ளும்.

நான் மாடிக்குப் போய் அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். 'குழந்தை தாங்குவாளா மாமி?' என்று தயங்கினாள். 'இப்போ தாங்கிண்டிருக்கறது அதைவிடப் பெரிசுடி' என்றேன். அன்று ராத்திரியே பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, தாத்தா விழுந்ததையும், உடம்பில் உப்பு குறைந்ததையும், டாக்டர் ஊசி வழியாக அதை ஏற்றுகிறார் என்பதையும் சொல்லிவிட்டாள். குழந்தை அழவில்லையாம். கேட்ட முதல் கேள்வி, 'அப்போ தடி எங்கே இருந்தது?' என்பதுதான்.

'தாத்தா கையிலேயேதான் இருந்தது.'

'நிஜமா?'

'நிஜமா.'

ரெண்டு தோசை சாப்பிட்டாளாம். மறுநாள் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கே போய்க் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து நாளில் தாத்தா வீடு திரும்பினார்.

எதையெல்லாம் சொல்வது என்று கேட்பீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கடன் பாக்கியையும் குழந்தை தலையில் கட்டச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அதன் வயதுக்கு இரண்டே வாக்கியம். 'இது உன்னால் வந்ததில்லை' என்று வாய்விட்டு ஒரு வாக்கியம். 'உன்னை ஸ்கூலுக்கு அனுப்ப, தலை பின்னிவிட, ராத்திரி பக்கத்தில் படுக்க இன்னார் இருப்பார்' என்று ஒரு வாக்கியம். நடுவில் இருக்கிறதே, அதைத்தான் நாம் மறந்துபோகிறோம், குழந்தை கேட்கவே இல்லையே என்று. கேட்காது. கேட்காததால்தான் சொல்ல வேண்டும். வீட்டில் சாவு நிகழ்ந்தால் 'தாத்தா தூங்கறார்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றிலிருந்து படுக்கைக்குப் போகவே நடுங்குகிற குழந்தைகள் உண்டு. பிறந்த நாள் பாவாடையைத் தாராளமாக ஒளியுங்கள். அது சந்தோஷ ரகசியம், அதற்கு ஒரு தேதி இருக்கிறது. தேதியே இல்லாத ரகசியம்தான் குழந்தையை அரிக்கும்.

இப்போது மாமியார் விஷயம். அதிகப்பிரசங்கியா, கெட்டிக்காரியா? அம்மா, திருவானைக்காவல் பக்கம் 1888-ல் பிறந்த ஒரு பிள்ளை, பின்னால் விசாகப்பட்டினத்தில் வளர்ந்து பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறி, நோபல் பரிசு வாங்கும் வரை 'ஏன், எதனால்' என்று கேட்பதை நிறுத்தவில்லை. அவர்தான் சர் சி.வி. ராமன். எழுத்தாளர் சுஜாதா, பாட்டி வீட்டில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். தெருவில் பெரியவர்கள் செய்வதையெல்லாம் திண்ணையில் இருந்து பார்த்த பையன் கண்ணால்தான் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதினார். துப்பறிகிற வக்கீல்கள் கணேஷும் வஸந்த்தும் அதே கையிலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்தில் இவர்களையும் யாராவது 'வாயை மூடுடா' என்று சொல்லியிருப்பார்கள், சந்தேகமில்லை. உங்கள் மாமியாரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், கோபம் குறையலாம். உங்கள் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை: வந்தவர் போனவர் எதிரிலெல்லாம் 'எங்க சி.ஐ.டி.யைப் பாருங்க' என்று குழந்தையைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டு நடிக்க ஆரம்பித்துவிடும்.

ராத்திரிச் சண்டை விஷயம் நீங்களே எழுதியிருப்பதால் கேட்கிறேன்: அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றீர்களே, காரணம் என்னவென்று கண்டுபிடித்தாள் என்று கேட்டீர்களா?

முதலில் 'சைவம்' போடுங்கள். சேவல் காணாமல் போகிற இடத்தில் நிறுத்தி, 'நீயாயிருந்தா எங்கே ஒளிச்சு வைப்பே?' என்று கேட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. 'குழந்தையும் தெய்வமும்' அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு. பாட்டியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், ஆனால் அகம்பாவப் பாட்டி வருகிறபோது யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். 'அஞ்சலி'யை ஆறு வயதுக்கு அவசரப்படுத்தாதீர்கள். கடைசியில் நெஞ்சை அடைக்கும். இன்னும் நாலு வருஷம் போகட்டும். அப்போதும் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும், கைக்குட்டையோடு.